கொசுத்தேனீ மேலாண்மையைப் படிப்பவர்கள் கூட்டிலிருந்து தொடங்க வேண்டும்

பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகத்தின் ஜி.கே.வி.கே. வளாகத்தில் பூச்சியியல் முதுநிலைப் படிப்பின்போது, கொட்டாத சிறு தேனீயான கொசுத்தேனீயின் வளர்ப்பை ஆய்வுப்பொருளாக எடுத்துக்கொண்டவன் நான். இதே பாடத்திற்கு வரும் தமிழ் மாணவர்களுக்கு முதலில் சொல்ல விரும்புவது, இந்தியத் தேனீக்காகப் படித்த மேலாண்மை முறைகளை இதற்கு அப்படியே பொருத்தி எழுதக்கூடாது என்பதே. இங்கே அடைகளைத் தாங்கும் மரச்சட்டங்கள் இல்லை. அறுகோண அடைகளும் இல்லை. மெழுகும் மரப்பிசினும் கலந்து கட்டிய சிறு பானைகளில் தேனும் மகரந்தமும் தனித்தனியே இருக்கும். புழு அறைகள் கொத்துக்கொத்தாக அமைந்திருக்கும். ஒவ்வோர் அறையிலும் தேவையான உணவு முழுவதையும் முதலிலேயே நிரப்பிய பின்பே ராணி முட்டையிடும், அறையும் உடனே மூடப்படும். விளைச்சலைப் பற்றிய கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு விடை இந்த அமைப்பிலேயே இருக்கிறது.

கூட்டைப் பிரிக்கும் பகுதிக்கு அதிக நேரம் ஒதுக்குங்கள். வாய்மொழித் தேர்வில் காரணம் கேட்கப்படும் இடம் இதுதான். கூடு இயல்பாகப் பிரியும்போது, இந்தியத் தேனீயில் பழைய ராணி தேனீக் கூட்டத்துடன் வெளியேறும். கொசுத்தேனீயிலோ முட்டையிடும் ராணியின் வயிறு பருத்துவிடுவதால் அதனால் பறக்க இயலாது; ஆகவே கன்னி ராணியே புதுக்கூட்டுக்குப் போகிறது, அதற்கு முன்பே வேலைக்காரத் தேனீக்கள் தாய்க்கூட்டிலிருந்து பிசினையும் உணவையும் அங்கே கொண்டுசேர்த்துவிடும். இதைப் புரிந்துகொண்டால், பிரிக்கும்போது ராணி இல்லாத பாதியில் ராணி அறை ஒன்றாவது கட்டாயம் இருக்க வேண்டும் என்பதையும், புது ராணி இணைசேர ஏதுவாக ஆண் தேனீக்கள் பறக்கும் பருவத்தில்தான் பிரிக்க வேண்டும் என்பதையும் தனியே மனப்பாடம் செய்யத் தேவையில்லை. புதிய அறைகள் கரும்பழுப்பாகவும், வெளிவரும் நிலையை நெருங்கிய கூட்டுப்புழு அறைகள் வெளிறியும் இருக்கும். ராணி அறை மற்றவற்றைவிடப் பெரிதாக, பெரும்பாலும் கொத்தின் ஓரத்தில் இருக்கும். இந்த நிற வேறுபாட்டைப் படத்தில் பார்த்துக் கற்க முடியாது. திறந்த பெட்டியின் முன்னால் உட்கார்ந்து பார்த்தே ஆக வேண்டும். ராணி இல்லாத பெட்டியைப் பழைய இடத்திலேயே வைத்து, பழைய நுழைவுக்குழாயின் பிசினை அதன் வாயிலில் ஒட்டினால், வெளியே சென்ற தேனீக்கள் அதையே தம் கூடாக ஏற்கும்.

உடைந்த மகரந்தப் பானைகளைப் பெட்டிக்குள் விட்டுவைப்பது கூட்டுக்குள் முட்டையிட்டுப் பெருகும் ஃபோரிட் என்னும் சிறு ஈக்களையும் எறும்புகளையும் வரவேற்பதாகும். பிரித்த கூடு அழிவதற்கு இதுவே முக்கியமான காரணம் என்பது என் உறுதியான கருத்து. ஆயினும் பலர் இதை விடைத்தாளில் ஒரு வரியோடு முடித்துவிடுகிறார்கள்.

பெங்களூரைச் சுற்றியுள்ள தோட்டங்களுக்குச் செல்வோர், கன்னடத்தில் இதை முஜண்டி என்று சொல்லிக் கேட்டால் வளர்ப்போர் தயக்கமின்றிப் பேசுவார்கள். கூட்டைச் சுற்றிச் சில நூறு மீட்டருக்குள் எந்தச் செடி எந்த மாதம் பூக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள், ஏனெனில் இத்தேனீ வெகுதொலைவு செல்வதில்லை. முருங்கை, தென்னை, புங்கம், துளசி, கொடிரோஸ் ஆகியவை கவனிக்கத்தக்கவை. தொடர்மழை நாட்களில் சர்க்கரைப் பாகு தருவதானால், தேனீக்கள் மூழ்காதபடி சிறு குச்சிகளை அதில் மிதக்கவிட வேண்டும்.

விளைச்சலை இந்தியத் தேனீயின் அளவுகோலால் மதிப்பிடுவதும் சரியன்று. ஒரு கூடு ஆண்டுக்குத் தருவது பொதுவாக ஒரு கிலோவுக்கும் குறைவு. ஆகவே உற்பத்தித் திறன் என்று எழுதும்போது தேனோடு, பிரித்து விற்கும் கூடுகளையும் பசுமைக்குடில் பயிர்களின் மகரந்தச் சேர்க்கையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அறுவடையைப் பொறுத்தவரை, பெட்டியின் மேல் தனி அறை அமைத்தால் புழு அறைகளைத் தொடாமல் தேன்பானைகளை மட்டும் எடுக்கலாம், மகரந்தமும் கலக்காது. இத்தேனில் நீர்ச்சத்து கூடுதல் என்பதால் எளிதில் புளித்துவிடும். எனவே வடிகட்டியவுடன் ஈரமற்ற கண்ணாடிப் புட்டியில் அடைத்துக் குளிர்பதனப் பெட்டியில் வைப்பதையும் செய்முறைக் குறிப்பில் சேர்த்து எழுதுங்கள்.