போட்டோவைக் கடைசியில் காட்டுங்கள்

ஒரு சின்ன ஊரின் பழைய கட்டடங்களைப் பற்றிப் பெரியவர்களிடம் கேட்டுப் பதிவு செய்யப் போகிறவர்களில் பலர், உட்கார்ந்ததுமே பழைய போட்டோவை எடுத்து நீட்டிவிடுகிறார்கள். அதைப் பார்த்ததும் அவர் முகம் மலரும், உண்மைதான். ஆனால் அதற்குப் பிறகு அவர் சொல்வதில் பாதி போட்டோவில் இருப்பதாகவே இருக்கும். நினைத்துப் பார்க்கும்போதெல்லாம் மனம் பழையதைப் புதிதாகக் கட்டுகிறது என்று பிரிட்டிஷ் உளவியலாளர் ஃபிரெடெரிக் பார்ட்லெட் 1932-லேயே எழுதினார். கண் முன்னால் போட்டோ இருந்தால் அதுவும் ஒரு கல்லாக அதற்குள் போய் உட்கார்ந்துவிடும்.

அதனால் முதலில் வெள்ளைத் தாளும் பென்சிலும் கொடுங்கள். "கட்டடம் எப்படி இருந்தது?" என்று கேட்டால் "பெரிசா இருந்தது" என்பதோடு முடிந்துவிடும். "வாசல்ல நுழையறீங்க, அப்புறம் எந்தப் பக்கம் திரும்புவீங்க? கதவைத் தள்ளணுமா, இழுக்கணுமா?" என்று மனசுக்குள் நடக்க வைத்துக் கேளுங்கள். எந்தப் படி கிறீச்சிடும், கைப்பிடி எந்தக் கைப்பக்கம் என்பதெல்லாம் தானாக வரும்.

அவர் சொல்வது பெரும்பாலும் சின்ன வயதில் பார்த்த கட்டடம். ஆறு வயதுப் பிள்ளையின் உயரம் சுமார் 115 செ.மீ. கண் மட்டம் அதற்கும் கீழே. அந்த உயரத்தில் தபால் அலுவலகம் என்றால் கவுன்டரின் முன்பலகைதான். உள்ளே உட்கார்ந்திருந்தவர் முகம் தெரிந்திருக்காது. மேசையின் அடியில் காய்ந்துபோன பசை, சாவித்துவாரத்தைச் சுற்றிய பித்தளைத் தகடு, கதவுக்கடியில் கசிந்த வெளிச்சம். எந்த வரைபடத்திலும் கிடைக்காத இவற்றை ஒன்றுவிடாமல் எழுதிக்கொள்ளுங்கள்.

"ரொம்ப உயரம்" என்பதை அப்படியே அளவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஜன்னல் விளிம்பு மார்புக்கு வந்ததா, தலைக்கு மேலேயா என்று கேளுங்கள். படிகளைப் பிள்ளைகள் எண்ணியிருப்பார்கள். மிஞ்சியிருக்கும் ஒரு படி 17 செ.மீ., மொத்தம் 20 படி என்றால் மாடி 3.4 மீட்டர் உயரத்தில் இருந்திருக்கிறது.

வருஷத்தை நேராகக் கேட்டால் பெரும்பாலும் தப்பாகத்தான் வரும். எந்த வகுப்பு, தம்பி பிறந்தாயிற்றா என்று கேட்டுக் கணக்கிடுங்கள். மூன்று வயதுக்கு முந்தைய காட்சி என்றால் அது பெரும்பாலும் வீட்டில் சொல்லிக் கேட்டதாக இருக்கும். கேட்டது என்றே குறித்து வையுங்கள். வாசனையையும் கேளுங்கள், மை, ஈரச் சுண்ணாம்பு, இயந்திர எண்ணெய் என்று. வாசனை கிளப்பும் நினைவுகளில் பல பத்து வயதுக்கு முந்தியவை.

நாலு பேரைச் சேர்த்து உட்கார வைப்பதை இரண்டாம் சுற்றுக்கு ஒதுக்குங்கள். முதலிலேயே சேர்த்தால் சத்தமாகப் பேசுகிறவர் சொன்னதே எல்லோருடைய நினைவாகிவிடும். தனித்தனியாக வரைந்த தாள்களைப் பிறகு பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒருவர் வடக்கே வாசல் என்பார், இன்னொருவர் கிழக்கே என்பார். இரண்டுமே சரியாக இருக்கலாம், இடையில் ஒரு கதவை அடைத்துச் சுவர் எழுப்பியிருப்பார்கள். யாரையும் திருத்தாதீர்கள்.

ஒலிப்பதிவுக்கு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் தரத்தில் வேவ் (WAV) கோப்பு. மோனோவில், அதாவது ஒரே தடத்தில், ஒரு மணி நேரம் சுமார் 500 எம்பி. மின்விசிறியை நிறுத்துங்கள், கருவிக்கு அடியில் மடித்த துண்டு வையுங்கள். மேசையில் விரல் தட்டினாலும் அது இடியாக விழும்.

எல்லாம் முடிந்த பிறகு போட்டோவை எடுங்கள். அப்போது அவர் சேர்ப்பதை அதே தாளில் சிவப்புப் பேனாவால் போடச் சொல்லுங்கள். பென்சில் கோட்டை அழிக்க விடாதீர்கள்.