சிகாகோவில் வீடு தேடும் நாட்கள்

மார்ச் 3, 2025

வேலை உறுதியாகிவிட்டது. ஆகஸ்டு முதல் சிகாகோ. நகரின் மேற்குப் பக்கத்து மருத்துவ வளாகத்தில் பரிசோதனைக்கூடப் பணி. கணவருக்கு வீட்டிலிருந்தே வேலை என்பதால் எந்த ஊரானாலும் அவருக்குச் சம்மதம்தான். மகள் ஆறாம் வகுப்புக்குப் போகிறாள், சின்னவன் இரண்டாம் வகுப்பு. ஆகவே முதலில் பள்ளிக்கூடம், அதன் பிறகுதான் வீடு.

தெரிந்தவர்கள் அத்தனை பேரும் சிகாகோவின் புறநகரான நேப்பர்வில் என்கிறார்கள். காரணம் இல்லாமல் இல்லை. பெயர் பெற்ற பள்ளிகள், பக்கத்து அரோராவில் பாலாஜி கோயில், இட்லி மாவு முதல் வளைகாப்பு வளையல் வரை கிடைக்கும் கடைகள். ஆனால் என் வேலையிடத்திலிருந்து முப்பது மைல் அளவுக்குத் தூரம். அதைவிட என் மனத்தை உறுத்துவது வேறு. இங்கே டெக்சாஸில் மகளின் வகுப்பில் பாதிக்கு மேல் இந்தியப் பிள்ளைகள். அவளுக்குக் கறுப்பினத் தோழி ஒருத்திகூட இல்லை. இந்த நாட்டில் பிறந்து வளரும் பெண்ணுக்கு இது பெரிய குறை என்றே நினைக்கிறேன். சிகாகோவிலும் அதே வகுப்பறையைத் தேடிப் போய் உட்கார எனக்கு மனம் ஒப்பவில்லை.

மார்ச் 9

வீட்டுத் தரகர் ஒருவரிடம் பேசினேன். நான் கேட்டது இரண்டே இரண்டு: ரயில் நிலையத்துக்கு நடந்து போகும் தூரம், நல்ல பள்ளி. என் பெயரைக் கேட்டதுமே அவர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். "உங்களவர்கள் அதிகம் இருக்கும் இடங்களை எனக்குத் தெரியும்" என்று சில ஊர்களின் பெயரை அடுக்கினார். சிகாகோவின் மேற்கு எல்லையை ஒட்டிய ஓக் பார்க் எப்படி என்றேன். "அது ஆஸ்டினை ஒட்டிய ஊராயிற்றே" என்று இழுத்தார். ஆஸ்டின் என்பது சிகாகோவின் மேற்கு ஓரத்தில் கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழும் பகுதி. அவர் என்ன சொல்ல வருகிறார் என்பது புரிந்தது.

இப்படி இனத்தைப் பார்த்து ஆளை ஒரு பக்கமாகத் தள்ளிவிடுவதை 1968ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சமத்துவச் சட்டம் தடை செய்கிறது. 1966இல் மார்ட்டின் லூதர் கிங் சிகாகோவுக்கே குடிவந்து, வெள்ளையர் மட்டுமே வாழ்ந்த பகுதிகளில் ஊர்வலம் போய், மார்க்கெட் பார்க் (Marquette Park) பகுதியில் கல்லடி பட்டது இந்த உரிமைக்காகத்தான். அவர் கொல்லப்பட்ட ஒரே வாரத்தில் அந்தச் சட்டம் கையெழுத்தானது. அந்த ஊரில் தொழில் செய்யும் தரகருக்கு அது தெரியாமல் இருக்காது. கோபம் இன்னும் அடங்கவில்லை.

திருமணமான புதிதில் சென்னையில் வாடகைக்கு வீடு தேடியது நினைவுக்கு வந்தது. வாடகை எவ்வளவு என்று சொல்வதற்கு முன்பே "நீங்கள் என்ன ஆட்கள்?" என்று கேட்டார்கள். தட்டிக் கேட்க ஆளில்லை. இங்கே சட்டம் இருக்கிறது. நான் வேறு தரகரைப் பார்க்கிறேன்.

மார்ச் 16

நாள் முழுவதும் ஓக் பார்க்கின் கதையைப் படித்தேன். என் துறைக்காரர் ஒருவரிடமிருந்துதான் அது தொடங்குகிறது என்பதே எனக்கு இன்றுதான் தெரியும். பெர்சி ஜூலியன். அடிமைகளாக இருந்தவர்களின் பேரன், வியன்னாவில் முனைவர் பட்டம் பெற்ற வேதியியலாளர். கண் அழுத்த நோய்க்கான மருந்தை 1935இல் ஆய்வகத்திலேயே உருவாக்கியவர். சோயா எண்ணெயிலிருந்து ஹார்மோன்களைப் பெருமளவில் தயாரிக்க வழி கண்டவர். 1950இல் ஓக் பார்க்கில் வீடு வாங்கினார். குடிபோவதற்கு முன்பே, நன்றி நவிலும் நாளன்று (தேங்க்ஸ்கிவிங்) அந்த வீட்டுக்குத் தீ வைக்கப் பார்த்தார்கள். அடுத்த ஆண்டு ஜூனில் பிள்ளைகள் தூங்கும் அறையின் பக்கம் டைனமைட் வீசினார்கள். அவர் நகரவில்லை. அக்கம்பக்கத்தார் சிலர் அவருக்குத் துணை நின்றார்கள்.

அதன் பிறகு நடந்தது தானாக நடக்கவில்லை. 1960களில் ஆஸ்டினில் தரகர்கள் வீடு வீடாகப் போய், "கறுப்பர்கள் வருகிறார்கள், விலை விழப்போகிறது" என்று வெள்ளையரைப் பயமுறுத்தி, அடிமாட்டு விலைக்கு வாங்கி, கறுப்பினக் குடும்பங்களுக்குக் கொள்ளை விலைக்கு விற்றார்கள். சில ஆண்டுகளில் ஒரு பகுதியே முழுமையாக மாறிப்போனது. அடுத்தது ஓக் பார்க் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். ஊராட்சி முந்திக்கொண்டது. 1968 மே மாதம் சொந்தமாக ஒரு வீட்டுவசதிச் சமத்துவச் சட்டம். 1972இல் ராபர்ட்டா ரேமண்ட் என்ற பெண்மணி தொடங்கிய வீட்டுவசதி மையம். வாடகைக்கு வருவோர் இனவாரியாக ஒரே தெருவில் குவியாமல், எல்லாத் தெருக்களையும் பார்க்கும்படி அந்த மையம் வழிகாட்டியது. விற்பனைப் பலகைகள் வரிசையாக நின்றால் பீதி பரவும் என்று அவற்றுக்கும் தடை போட்டார்கள். 1978இல், விலை விழுந்தால் ஈடு தருகிறோம் என்று வீட்டு உரிமையாளர்களுக்கு ஒரு காப்புத் திட்டம். தங்கள் கைப்பணத்துக்கு ஆபத்து வராது என்று தெரிந்தபின் ஓடுவதற்கு என்ன காரணம் இருக்கிறது?

இதைத்தான் எனக்கு மெச்சத் தோன்றுகிறது. நல்லெண்ணத்தை மட்டும் நம்பாமல், பயத்துக்கு மருந்து என்ன என்று யோசித்திருக்கிறார்கள்.

மார்ச் 30

பள்ளிகளுக்குப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடும் தளங்களை அலசினேன். நேப்பர்வில் பள்ளிகளுக்கு ஒன்பதும் பத்துமாக விழுகிறது, ஓக் பார்க்கில் ஒன்றிரண்டு குறைகிறது. கணவர் அங்கேயே நின்றுவிட்டார். அவரிடம் பொறுமையாகப் பேசினேன். இந்த எண்களுக்கு அடித்தளம் பெரும்பாலும் தேர்வு மதிப்பெண். தேர்வு மதிப்பெண்ணோ பெற்றோரின் வருமானத்தோடு கைகோத்து நடப்பது. வசதியான குடும்பங்கள் மட்டுமே வாழும் ஊரில் பள்ளி சுமாராக இருந்தாலும் எண் மேலே நிற்கும். நம் பிள்ளைக்கு அந்தப் பள்ளி என்ன சொல்லிக் கொடுக்கும் என்பதை அது சொல்வதில்லை.

மாநில அரசின் பள்ளி அறிக்கை அட்டை இதைவிடப் பயனுள்ளது. ஆண்டுக்கு ஆண்டு மாணவர் எவ்வளவு முன்னேறுகிறார்கள், ஆசிரியர்கள் நிலைத்து இருக்கிறார்களா, எந்தப் பிரிவு மாணவர் எப்படிச் செய்கிறார்கள் என்று தனித்தனியாகப் பார்க்கலாம். ஓக் பார்க்கில் வெள்ளை மாணவருக்கும் கறுப்பின மாணவருக்கும் இடையே இடைவெளி பெரியது. இத்தனை ஆண்டுகள் முயன்ற ஊரில் இது வருத்தமான செய்தி. என் மகள் பழுப்புத் தோலோடு அங்கே போய் உட்காரப் போகிறவள், எனக்கு இது வெறும் புள்ளிவிவரம் அல்ல.

ஏப்ரல் 12

நேரில் பார்க்க வந்துவிட்டோம். நீல வழித்தட ரயிலில் மருத்துவ வளாகத்தில் ஏறினால் மாறாமல் ஓக் பார்க் அவென்யூவில் இறங்கலாம். விரைவுச்சாலையின் நடுவே தண்டவாளம், இரு பக்கமும் லாரிகள் இரைகின்றன. படியேறித் தெற்கே இரண்டு தெரு நடந்தால் சத்தம் ஓய்ந்து, மரங்களும் செங்கல் வீடுகளும்.

மாலையில் ஆஸ்டின் பூல்வார்டை ஒட்டி நெடுந்தூரம் நடந்தோம். ஊர் எல்லை அந்தச் சாலைதான். கிழக்கே சிகாகோ, மேற்கே ஓக் பார்க். கிழக்குப் பக்கத் தெருக்கள் சாலையில் வந்து சேர்கின்றன. மேற்குப் பக்கத்திலோ பல தெருக்களின் வாயைக் கட்டைச் சுவரும் செடிப் பாத்தியும் வைத்து அடைத்திருக்கிறார்கள். நடந்து போகலாம், கார் நுழைய முடியாது. போக்குவரத்துக்காக என்று சொல்லலாம். எதிர்ப்பக்கத்தில் நிற்பவருக்கு அது எப்படித் தெரியும் என்று மகள் கேட்டாள். "வராதே என்று சொல்வதுபோல் தெரியும்" என்றேன். வேறு என்ன சொல்வது? அதே ஊர், தன் ஊராட்சி அலுவலகத்தை 1975இல் இந்தக் கிழக்குப் பக்கத்திலேயே கட்டியது, இந்தப் பகுதியைக் கைவிடமாட்டோம் என்று காட்டுவதற்காக. இரண்டும் ஒரே ஊர் செய்ததுதான்.

ஏப்ரல் 13

பூங்காவில் சின்னவன் ஊஞ்சல் ஆட, பக்கத்து பெஞ்சில் ஒரு கறுப்பினத் தாய். அவர் மகள் நடுநிலைப் பள்ளியில் படிக்கிறாள். ஊரை விட்டுக்கொடுக்காமல் பேசினார். தெருவை அடைத்துவிட்டு எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் தெருவிருந்து பற்றியும், தன் பெற்றோரை அண்டை வீட்டார் கவனித்துக்கொண்டது பற்றியும் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தாமலே, "பள்ளிக்கூட வாசலில் எல்லா நிறமும் இருக்கும். முன்னேறிய மாணவருக்கான கணக்கு வகுப்பின் கதவைத் திறந்து பாருங்கள், அங்கே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எண்ணுங்கள்" என்றார். மகளை அந்த வகுப்பில் சேர்க்க அவர் பலமுறை அலைய வேண்டியிருந்ததாம். உயர்நிலைப் பள்ளியில் 2022 முதல் ஒன்பதாம் வகுப்புப் பாடங்கள் பலவற்றில் மேல், கீழ் என்ற பிரிவை எடுத்துவிட்டார்கள் என்றார். அதை எதிர்த்த பெற்றோரும் உண்டு. நான் கேட்டறிந்த எந்த இணைய மதிப்பீட்டைவிடவும் இந்த அரைமணிநேரப் பேச்சு எனக்கு உதவியது.

மே 4

திருநெல்வேலியிலிருந்து அம்மா பேசினார். "அங்கே நம் ஆட்கள் இருக்கிறார்களாடி?" ஆசியர் நூற்றுக்கு ஐந்து பேர் அளவுக்குத்தான் என்றேன். "ஆத்திர அவசரத்துக்கு யார் வருவார்கள்?" அந்தக் கவலை நியாயமானது, அதை நான் தள்ளிவிடவில்லை. கோயிலுக்கு லெமான்ட் வரை காரில் போகவேண்டும், காய்கறிக்குச் சிகாகோவின் இந்தியக் கடைத்தெருவான டெவன் அவென்யூ. மகளின் தமிழ் வகுப்புக்கு வாரக்கடைசியில் நேரம் ஒதுக்கியே ஆகவேண்டும்.

செலவும் சும்மா இல்லை. இல்லினாய் மாநிலப் பள்ளிகளுக்கு வருமானத்தில் பெரும்பங்கு சொத்து வரிதான். ஓக் பார்க்கில் அது கடுமை, வாடகையிலும் ஏறிவிடும். இரவில் தெருவில் கார் நிறுத்தவும் கட்டுப்பாடு உண்டு, வாடகைக்குப் போகிறவர்கள் கார் நிறுத்த இடம் சேர்த்துப் பேசிக்கொள்ள வேண்டும். ஆனாலும் கணவர் இன்று தானாகவே சொன்னார்: "ஓக் பார்க்கே போகலாம். ஓராண்டு வாடகைக்கு இருந்து பார்த்துவிட்டு வாங்குவோம்."

ஜூன் 8

வாடகை ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. நீல வழித்தடத்துக்குத் தெற்கே, இரண்டு அடுக்கு வீட்டின் மேல்தளம். சின்னவனுக்கு இர்விங் பள்ளி. மகளுக்குப் பெர்சி ஜூலியன் பெயரிலான நடுநிலைப் பள்ளி. யார் அவர் என்று கேட்டாள், சொன்னேன். டைனமைட் வீசியவர்களைப் பிடித்தார்களா என்பதுதான் அவளுடைய அடுத்த கேள்வி. எவரும் தண்டிக்கப்பட்டதாக நான் எங்கும் படிக்கவில்லை. அதையே சொன்னேன்.

பள்ளிச் சேர்க்கைக்கு வாடகை ஒப்பந்தம், மின்கட்டண ரசீது, தடுப்பூசிச் சான்று என்று கேட்கிறார்கள். கணக்கு வகுப்பில் யாரை எந்த அளவுகோலில் மேலே எடுக்கிறார்கள் என்று பள்ளிக்கு இன்றே மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன்.