சின்னப் பொட்டலம்

காலையில உடுமலைப் பக்கம் எங்க காட்டுல ஒரு மக்காச்சோளக் குருத்தைப் பிரிச்சேன். ஈர மரத்தூளாட்டம் எச்சம். உள்ள படைப்புழு. தலையில தலைகீழ் ‘ஒய்’, வால்பக்கம் சதுரமா நாலு புள்ளி.

“பருத்திக்கு வந்தாப்ல இதுக்கும் பி.டி. விதை வராதா கண்ணு?”ன்னார் அப்பாரு.

பி.டி.ன்னா, செடியே புழுவுக்கு விஷமாகுற மாதிரி மரபணு மாத்துன விதை. மக்காச்சோளத்துக்கு அது நம்ம நாட்டுல இன்னும் அனுமதி இல்லீங்க அப்பாரு. வெளிநாட்டுல இருக்கு. ஆனா அமெரிக்காவைச் சேர்ந்த போர்ட்டோ ரிக்கோ தீவுல 2006லயே இந்தப் புழு அந்த விஷத்தைத் தாங்கிப் பழகிடுச்சு.

முந்தியெல்லாம் பி.டி. பருத்தி விதையோட, பி.டி. இல்லாத 120 கிராம் சாதா விதைப் பொட்டலம் ஒண்ணு தந்தாங்க, ஓரத்துல நடறதுக்கு. அங்க வளர்ற, விஷம் பழகாத அந்துப்பூச்சி, பி.டி. செடியில தப்பிப் பிழைச்சதோட சேர்ந்தாத்தான் அடுத்த தலைமுறைப் புழு விதைக்கு அடங்கும்.

நாங்க நடவே இல்லை. சாளையில கிடந்து எலி தின்னுச்சு.

இப்போ பி.டி. பருத்திக்காய்க்குள்ளயே இளஞ்சிவப்புக் காய்ப்புழு குடியிருக்கு.

மக்காச்சோளத்துக்கு அந்த விதை என்னைக்கு வந்தாலும், ஓரத்துச் சாதா வரிசையை நட்டுட்டுத்தான் மத்ததை நடுவேன்.