யுகாதி லீவுக்கு லைம் ரீஜிஸ்

பெங்களூரிலிருந்து நண்பர்களாகச் சேர்ந்து இங்கிலாந்து போகிறவர்கள் கையில் பெரும்பாலும் ஒரே பட்டியல்தான் இருக்கிறது. லண்டன், ஸ்டோன்ஹெஞ்ச், பாத், நேரம் இருந்தால் எடின்பரோ வரை ஒரு ஓட்டம். நாங்கள் அந்தப் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு டார்செட் கடற்கரையில் லைம் ரீஜிஸ் என்ற சின்ன ஊரில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்தோம், லீவு முடிகிற வரை அங்கேயே இருந்தோம். லீவு குறைவாக இருக்கிறவர்கள் இப்படித்தான் போக வேண்டும் என்று இப்போது பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

தேதியை எப்படிக் குறித்தோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மொத்தப் பயணமும் அதில்தான் நிற்கிறது. அங்கே ஒரு நாள் எப்படிப் போகும் என்பதை ஓதம், அதாவது கடல் தினமும் ஏறி வற்றுவதுதான் முடிவு செய்யும். மெரினாவில் கடல் ஏறுவதற்கும் வற்றுவதற்கும் உள்ள உயர வித்தியாசம் ஒரு மீட்டர் அளவுதான், நமக்கு அது கண்ணிலேயே படாது. லைம் ரீஜிஸில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அது 3 மீட்டருக்கு மேல் போகிறது. காலையில் அலை அடித்துக்கொண்டிருந்த இடம் மதியம் பார்த்தால் நெடுந்தூரம் பாறைத் தரை. மாலையில் அதே தண்ணீர் திரும்பி வந்து குன்றின் அடிவரை ஏறிவிடும், அப்போது குன்றுக்கும் கடலுக்கும் நடுவில் நிற்பவர்களுக்கு வெளியேற வழி இருக்காது. எங்களில் ஒருவன் தூத்துக்குடிக்காரன், கடலைப் பார்த்து வளர்ந்தவன், அவனே முதல் நாள் "மச்சி, கடல் எங்கடா போச்சு?" என்று கரையில் நின்றுவிட்டான்.

யுகாதி எப்போதும் பங்குனி அமாவாசையை ஒட்டி, மார்ச் நடுவுக்கும் ஏப்ரல் நடுவுக்கும் இடையில்தான் வரும். சூரியன் நிலநடுக்கோட்டுக்கு நேராக வரும் மார்ச், செப்டம்பர் மாதங்களை ஒட்டி ஓதம் வருஷத்திலேயே மிகப் பெரிதாக இருக்கும். அதாவது கர்நாடகத்தில் நமக்கு லீவு விடுகிற அதே நாட்களில் அங்கே கடல் மற்ற நாட்களைவிட வெகுதூரம் உள்வாங்குகிறது! எங்களில் அல்சூரில் இருக்கும் தோழியின் வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரையும் இணையத்தில் கிடைக்கும் லைம் ரீஜிஸ் ஓத அட்டவணையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே சிலிர்த்தது.

சரி, கடல் வற்றினால் என்ன தெரியும்? ஊருக்கு மேற்கே மான்மத் கடற்கரை என்று ஒன்று இருக்கிறது. அங்கே தண்ணீர் இறங்கியதும் சாம்பல் நிறச் சுண்ணாம்புப் பாறை பாவிய தரை வெளியே வரும், அந்தத் தரை முழுக்க அம்மோனைட்டுகள். சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலில் வாழ்ந்த, கணவாய்க்கு உறவான உயிர்கள், சுருள் சுருளான கூடுகள் அப்படியே கல்லாகிக் கிடக்கின்றன. சில ஆட்டோ டயரைவிடப் பெரியவை. ஜெயநகரிலிருந்து வந்த தோழி ஒரு சுருளின் முன் குனிந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "டேய், இது மேலயா மிதிச்சு நடக்கிறோம்?" அவள் பாட்டி வீட்டில் சாளக்கிராமத்துக்குத் தினமும் திருமஞ்சனம் நடக்கும். சாளக்கிராமமும் அம்மோனைட் புதைபடிவம்தான், நேபாளத்தில் கண்டகி நதி இமயமலையிலிருந்து உருட்டிக் கொண்டுவருவது. 108 திவ்ய தேசங்களில் ஒன்று அந்த நதிக்கரையில் இருக்கிறது. பிறகு அவள் ஷூவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள், 10 டிகிரிக் குளிரில், அந்த ஈரப் பாறையில். யாரும் எதுவும் சொல்லவில்லை.

இந்த ஊரில் 1799ல் ஒரு தச்சரின் மகளாகப் பிறந்தவர் மேரி ஆனிங். அப்பா கடனை விட்டுவிட்டு 1810ல் இறந்துபோனார். குன்றடியில் கிடைக்கும் படிவங்களைப் பொறுக்கி வருகிறவர்களுக்கு விற்றுத்தான் குடும்பம் நடந்தது. 1811ல் அண்ணன் ஒரு பெரிய மண்டையோட்டைப் பார்த்தார், மறு வருஷம் மேரி அதன் மீதி உடலைக் கண்டுபிடித்தார், அப்போது அவருக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயது இருக்கும். அது இக்தியோசார், கடலில் வாழ்ந்த ஊர்வன வகை. 1823ல் பிளீசியோசார் என்ற, நீண்ட கழுத்துள்ள இன்னொரு கடல் ஊர்வனவின் முழு எலும்புக்கூட்டை எடுத்தார். பிரான்சின் பெரிய அறிஞர் குவியே அது போலியாக இருக்கலாம் என்று சந்தேகப்பட்டு, பிறகு உண்மைதான் என்று ஒத்துக்கொண்டார். இவ்வளவு செய்தும் கட்டுரைகளில் மேரியின் பெயர் பெரும்பாலும் வராது, வாங்கிய கனவான்களின் பெயர்தான் வரும். லண்டன் புவியியல் சங்கம் பெண்களை உறுப்பினராகச் சேர்த்ததே 1919ல்தான், அவர் இறந்தது 1847ல். எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் கோபம் வருகிறது. ஒரு பள்ளி மாணவி தொடங்கிய முயற்சியால் 2022ல்தான் ஊரில் அவருக்குச் சிலை வைத்திருக்கிறார்கள், கூடவே அவர் நாயும். 1833ல் அவர் கண்ணெதிரே மண்சரிவில் புதைந்த நாய் அது.

மண்சரிவு அங்கே பழைய கதை இல்லை. சுண்ணாம்புக் கல்லும் களிமண்ணும் மாறி மாறி அடுக்கிய குன்றுகள், மழை இறங்கினால் வழுக்கிக்கொண்டு கீழே வரும். 2008 மே மாதம் லைம் ரீஜிஸுக்கும் பக்கத்து ஊரான சார்மத்துக்கும் நடுவில் ஏறக்குறைய 400 மீட்டர் நீளத்துக்குச் சரிந்தது. 1839 கிறிஸ்துமஸ் சமயத்தில் ஊருக்கு மேற்கே விளைநிலமே ஒரு பெரிய துண்டாகக் கடல் பக்கம் நகர்ந்துபோய், அதில் விதைத்திருந்த கோதுமையை அடுத்த ஆகஸ்ட்டில் அறுத்திருக்கிறார்கள். பார்க்கக் கூட்டம் வந்ததாம். இப்படிச் சரிவதால்தான் புதுப் படிவங்கள் வெளியே வருகின்றன. குன்றைச் சிமென்ட் போட்டு முழுக்க மூடிவிட்டால் எதுவும் வராது. எக்ஸ்மத்திலிருந்து ஸ்டட்லண்ட் வரை சுமார் 150 கிலோமீட்டர் கரையை 2001ல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமாக அறிவித்திருக்கிறது, அப்படியும் கடல் தன் போக்கில் அரிக்க விட்டிருக்கிறார்கள். இது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

பொறுக்கலாமா என்றால், கரையில் உதிர்ந்து கிடப்பதைத் தாராளமாகப் பொறுக்கலாம். குன்றில் சுத்தியல் வைக்கக் கூடாது, தரையோடு தரையாக இருக்கும் அந்தப் பெரிய அம்மோனைட்டுகளைப் பெயர்க்கவே கூடாது. தேடுவதற்கு சார்மத் நல்ல இடம், அங்கே ஒரு கடற்கரை மையம் இருக்கிறது, கிடைத்ததைக் காட்டினால் என்ன என்று சொல்வார்கள். கடல் இறங்கிக்கொண்டிருக்கும்போது போக வேண்டும், அது திரும்புவதற்குள் வந்துவிட வேண்டும். நடந்துகொண்டே தேடினால் கண்ணில் படாது. சரளைக் கற்கள் ஒதுங்கிய ஓரத்தில் உட்கார்ந்துவிடுங்கள், கையளவு இடத்தை மட்டும் பாருங்கள். பைரைட் என்ற இரும்புத் தாது படிந்த குட்டி அம்மோனைட்டுகள் பொன் நிறத்தில் இருக்கும், அளவுக்கு மீறிக் கனக்கும். தோட்டா வடிவத்தில் கிடைப்பவை பெலம்னைட், இதுவும் கணவாய்க்கு உறவுதான். நாங்கள் பேச்சே இல்லாமல் மணிக்கணக்கில் இப்படி உட்கார்ந்திருந்தோம். பெங்களூரில் ஒரே ஊரில் இருந்தும் டிராஃபிக்கைத் தாண்டி ஒருவரை ஒருவர் பார்ப்பதே அபூர்வம், பார்த்தாலும் ஆபீஸ் கதைதான் ஓடும். இங்கே பக்கத்தில் ஆள் இருந்ததே போதுமாக இருந்தது.

லால்பாக் பாறை இதைவிடப் பன்மடங்கு பழையது, சுமார் 300 கோடி வருஷம், ஆனால் அதில் ஒரு சிப்பி அச்சுகூடத் தேடினாலும் கிடைக்காது. நமக்கு அம்மோனைட் வேண்டுமென்றால் அரியலூர்தான். அதுவும் ஒருகாலத்தில் கடல், லைம் ரீஜிஸ் படிவங்களைவிட இளையவை. சேலம், பெரம்பலூர் வழியாகக் காரிலேயே போய்விடலாம் என்று இப்போது வாட்ஸ்அப் குழுவில் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது.

சாப்பாட்டுக்குக் கவலைப்பட வேண்டாம். சமையலறை உள்ள வீடாகப் பிடியுங்கள், பருப்புப்பொடியும் புளிக்காய்ச்சலும் எடுத்துப் போங்கள். நெய், பால்கோவா, பால் சேர்ந்த எதையும் இந்தியாவிலிருந்து கொண்டுபோக அனுமதி கிடையாது. கரையோரம் மீனும் சிப்ஸும் வாங்கினால் கூரைக்கடியில் நின்று சாப்பிடுங்கள், கடற்காக்கைகள் கையிலிருந்தே பறித்துவிடும். லண்டன் வாட்டர்லூவிலிருந்து ஆக்ஸ்மின்ஸ்டர் வரை ரயில், அங்கிருந்து பஸ். வீடு பிடிக்கும் முன் அமாவாசையைப் பாருங்கள், அன்றைக்கும் அதற்கு அடுத்த ஓரிரு நாளும் லைம் ரீஜிஸில் கடல் மிக அதிகமாக வற்றுவது நண்பகலை ஒட்டியோ கொஞ்சம் தாண்டியோதான் வரும், காலையில் நிதானமாகச் சாப்பிட்டுவிட்டே கிளம்பலாம்.