அஞ்சலட்டைக்குள் ஒரு தோப்பு

பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு ஓவியர் ழான் ஒனோரே ஃபிராகொனாரின் ‘லெ பெத்தி பார்க்’ என்னும் எச்சிங் படத்தை, அதாவது செப்புத் தகட்டை அமிலத்தால் அரித்து அச்சிட்ட படத்தைப் பல மாதங்களாகக் கணினித் திரையில் மட்டுமே பார்த்துவந்த எனக்கு, அது சுவரை நிறைக்கும் படம் என்ற எண்ணமே இருந்தது. சென்ற வாரம் அதன் அளவைக் கவனித்து, ஏறத்தாழ 14 சென்டிமீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமுமாக ஒரு தாளை வெட்டி மேசைமேல் வைத்தேன். ஓர் அஞ்சலட்டை அளவுதான்! அத்தனை பெரிய மரங்கள் இதற்குள் எப்படி அடங்கின?

‘சின்னப் பூங்கா’ என்று பெயரிருந்தாலும் படத்தில் இருப்பது காட்டின் சாயல்தான். ரோமிலுள்ள பிரெஞ்சுக் கலைக்கழகத்தில் பயின்ற ஃபிராகொனார், 1760ஆம் ஆண்டுக் கோடையில், சேன்-நோன் என்னும் கலை ஆர்வலருடன் ரோமுக்கு அருகிலுள்ள திவோலி என்ற ஊரில், தோட்டம் சூழ்ந்த வில்லா தெஸ்தே மாளிகையில் தங்கி வரைந்தார். பதினாறாம் நூற்றாண்டில் அளவெடுத்து அமைத்த அந்தத் தோட்டம், அவர் காலத்தில் கவனிப்பாரின்றி அடர்ந்து கிடந்தது. பாரிஸ் திரும்பியபின், 1763 வாக்கில், அந்த நினைவைச் செப்புத் தகட்டில் இறக்கினார்.

மெழுகும் பிசினும் கலந்து பூசிய தகட்டில் ஊசியால் கீறினால் செம்பு வெளிப்படும். நைட்ரிக் அமிலம் அந்தக் கீறல்களை மட்டும் அரித்துப் பள்ளமாக்கும். தகட்டில் மை பூசித் துடைத்து ஈரத்தாளை வைத்து அழுத்தினால், பள்ளத்தில் நின்ற மையை அது உறிஞ்சிக்கொள்ளும். இந்தக் கலைக்குப் பிரெஞ்சில் வழங்கும் ‘ஓ-ஃபோர்த்’ என்ற பெயரே அமிலத்தின் பெயர்தான். ‘வலிய நீர்’ என்று பொருள். உளியால் செம்பைக் கெல்லுவதற்கு ஆண்டுக்கணக்கில் பயிற்சி வேண்டும். மெழுகோ கையைத் தடுப்பதில்லை. ஓவியர் தாளில் பேனாவை ஓட்டுவதுபோல ஊசியை ஓட்டலாம்.

ஃபிராகொனார் அப்படித்தான் ஓட்டியிருக்கிறார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் இலை என்று ஒன்றுகூட இல்லை. சாய்ந்த கொக்கிகளும், 3 என்ற எண்ணை அவசரமாக எழுதிக்கொண்டே போனது போன்ற சுழிப்புகளும்தான் இருக்கின்றன. சுழிப்புகள் நெருங்கினால் நிழல், விலகினால் வெயில். அந்த வெயிலும் அவர் வரைந்ததன்று, கீறாமல் விட்ட வெற்றுத்தாள். இலை இலையாக உழைத்து வரைந்த மரங்களைவிட இந்தக் கிறுக்கலில்தான் காற்று அசைகிறது என்பேன்.

மரங்களின் அடியில் சின்னஞ்சிறு மனிதர்கள் நிற்கிறார்கள். ஒருவருக்குச் சில கீறல்கள், அவ்வளவே, முகமில்லை. ஒரு துண்டுக் காகிதத்தால் அவர்களை மறைத்துப் பார்த்தேன். வானளாவி நின்ற தோப்பு அந்தக் கணமே வேலியோரப் புதராகிவிட்டது. காகிதத்தை எடுத்தேன், மரங்கள் மறுபடியும் எழுந்து நின்றன.