ஜாஸ் ஹார்மோனிக்காவைத் தொழிலாக எடுப்பவர்களுக்கு: மூச்சு, வால்வு, மைக், வருமானம்

ஒரு பிக் பாண்டில் (பெரிய ஜாஸ் குழுவில்) வழக்கமாக 5 சாக்ஸபோன், 4 டிரம்பெட், 4 டிராம்போன் என்று நாற்காலிகள் எண்ணி வைக்கப்பட்டிருக்கும். ஹார்மோனிக்காவுக்கு, அதாவது மவுத் ஆர்கனுக்கு, அங்கே இடம் கிடையாது. நால்வர், ஐவர் வாசிக்கும் சிறு குழுக்களிலும் அதற்கென்று நிரந்தர இடம் இல்லை. இதை ஏற்றுக்கொண்டு தொடங்கினால் பல ஆண்டுகள் மிச்சமாகும். பிரசெல்ஸில் பிறந்த டூட்ஸ் தீலமான்ஸ் (1922–2016) ஜாஸ் ஹார்மோனிக்காவின் பெருந்தலை. அவரே 1950களில் பியானோ கலைஞர் ஜார்ஜ் ஷியரிங்கின் குவின்டெட்டில் (ஐவர் குழுவில்) இடம்பிடித்தது கிட்டார் கலைஞராகத்தான். ஹார்மோனிக்கா அதன் ஓரமாகவே உள்ளே வந்தது. ஹாம்பர்க்கில் பிறந்த ஹென்ட்ரிக் மோயர்கென்ஸ் வைப்ரபோனும் வாசிப்பவர். ஜெனீவாவிலிருந்து நியூயார்க்கின் நியூ ஸ்கூலுக்குப் படிக்க வந்த கிரெகுவார் மாரே, பாட் மெத்தனி, மார்கஸ் மில்லர், கசாண்ட்ரா வில்சன் ஆகியோருடன் பக்க வாத்தியமாக நெடுங்காலம் வாசித்தார். அவர் பெயரில் முதல் ஆல்பம் வந்தது 2012இல்தான்.

ஆக வழி இரண்டு. இன்னொரு வாத்தியத்தையும் கையில் வைத்திருக்க வேண்டும். அல்லது ஒரு மெலடியை நம்பி ஒப்படைக்கலாம் என்று மற்ற கலைஞர்கள் நினைக்கும் அளவுக்குப் பாடல்களை அறிந்திருக்க வேண்டும். இரண்டும் இருந்தால் வாடகை கட்ட முடியும். எங்களிடம் கேட்பவர்களுக்கு நாங்கள் பரிந்துரைக்கும் இரண்டாவது வாத்தியம் பியானோ. மேடையில் வாசிக்கும் அளவுக்கு வராவிட்டாலும் கார்டுகளை (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டுகளை) கண்ணால் பார்க்கக் கற்றுத்தரும். ஹார்மோனிக்காவில் எதையுமே பார்க்க முடியாது.

வாத்தியத் தேர்வைச் சுருக்கமாக முடித்துவிடலாம். நம் ஊர்க் கடைகளில் மவுத் ஆர்கன் என்று கிடைப்பது பெரும்பாலும் ட்ரெமோலோ வகை. ஒவ்வொரு சுரத்துக்கும் சுருதி சற்றே விலகிய இரண்டு ரீடுகள் (காற்றில் அதிரும் மெல்லிய உலோகப் பட்டைகள்) சேர்ந்து அலையடிக்கும். அரைச் சுரங்கள் இல்லாததால் ஜாஸுக்கு உதவாது. ஒரே ஸ்கேலின் சுரங்களுக்கென அமைந்த 10 துளை டயட்டானிக்கில் ஓவர்புளோ என்ற உத்தியால் எல்லாச் சுரங்களையும் எடுக்கலாம் என்று ஹவர்ட் லெவி காட்டினார். அற்புதமான பாதை, ஆனால் ரீடு இடைவெளிகளைக் கையால் சரிசெய்யத் தெரிந்தவருக்கே அது சரிப்படும். பெரும்பாலோர் போவது அரைச் சுரங்களும் தரும், பக்கவாட்டில் பொத்தான் வைத்த 12 துளை குரோமாட்டிக், சி சுருதி. 48 ரீடுகள், நடு சி-யிலிருந்து 3 ஆக்டேவ். 16 துளை வாங்கத் தோன்றும். அதன் அடி ஆக்டேவ் காற்றை நிறையக் கேட்கும், பதில் சொல்லத் தாமதிக்கும். அந்தப் பணத்தில் ஒரே மாதிரியான 12 துளை இரண்டு வாங்குவது மேல். ஏன் இரண்டு என்பது வால்வு பற்றிச் சொல்லும்போது புரியும். ஹோனரின் குரோமோனிக்கா 270இல் உடல் மரம், ரீடு தகடுகள் ஆணியடித்தவை. ஒலி இனியது; ஆனால் மரம் ஈரத்தில் ஊதும், காய்ந்தால் வெடிக்கும். சுசுகி எஸ்சிஎக்ஸ்-48இன் உடல் பிளாஸ்டிக், சைடல் சாக்சனியின் உடல் அலுமினியம். தினமும் வாசிப்பவருக்கும் அடிக்கடி திறந்து பார்ப்பவருக்கும் இவை தோதானவை.

இனி மூச்சு. இந்தக் கலையின் பாதி இதில்தான் இருக்கிறது.

ஒவ்வொரு 4 துளைக்கும் அமைப்பு ஒன்றே. ஊதினால் சி, இ, ஜி, சி; இழுத்தால் டி, எஃப், ஏ, பி. பொத்தானை அழுத்தினால் எல்லாம் அரைச் சுரம் ஏறும். இதில் இரண்டு சுரங்களுக்கு மாற்று வழி உண்டு. எஃப்-ஐ 2ஆம் துளையில் இழுத்தும் எடுக்கலாம், அதே துளையில் பொத்தானை அழுத்தி ஊதியும் எடுக்கலாம். சி-யை ஊதியும் எடுக்கலாம், 4ஆம் துளையில் பொத்தானோடு இழுத்தும் எடுக்கலாம். புதியவர்கள் இந்த மாற்றுகளை விட்டுவிடுவார்கள். அதனால்தான் அவர்கள் வாசிப்பு துண்டுதுண்டாகக் கேட்கும்: ஒவ்வொரு முறை மூச்சு திசை மாறும்போதும் ஒரு சிறு விரிசல் விழும்.

ஜாஸில் ஓயாமல் வரும் இரண்டு-ஐந்து-ஒன்று நகர்வை (ஸ்கேலின் 2, 5, 1ஆம் சுரங்களில் எழும் கார்டுகளின் வரிசையை) எடுத்துக்கொள்வோம். சி மேஜரில் அது டி மைனர் 7, ஜி 7, சி மேஜர் 7. முதல் கார்டின் டி, எஃப், ஏ மூன்றும் இழுப்பு. மேலுள்ள சி-யையும் பொத்தானோடு இழுத்தால் நான்கும் ஒரே மூச்சில் வழுக்கிக்கொண்டு போகும். அடுத்த ஜி 7இல் பி, டி, எஃப் மறுபடியும் இழுப்பு. கேட்க அழகு, ஆனால் நுரையீரல் நிரம்பிவிடும். நிமிடத்துக்கு 120 பீட் என்ற வேகத்தில் இரண்டு பார் (ஒரு பாருக்கு 4 பீட்) என்பது 4 விநாடி. இடைவிடாமல் இழுத்தால் சி மேஜர் வந்து சேரும்போது காற்று நெஞ்சை முட்டி, முதல் சுரம் பிதுங்கிக்கொண்டு வெளிவரும். இந்த வாத்தியத்தில் திணறுபவர்கள் பெரும்பாலும் காற்று தீர்ந்து திணறுவதில்லை, காற்று மிஞ்சித்தான் திணறுகிறார்கள். மருந்து இரண்டு: ஜி 7 நடுவில் எஃப்-ஐப் பொத்தானோடு ஊதிக் கொஞ்சம் காற்றை வெளியேற்றுவது, சொற்றொடர்களுக்கு இடையிலுள்ள அரை பீட் மௌனத்தில் மூக்கு வழியாக விடுவது. எந்த இடத்தில் மூக்கால் விடவேண்டும் என்பதை மனப்பாடம் செய்யும் பாடலிலேயே பென்சிலால் குறித்துவையுங்கள்.

இதே அமைப்பு ஒரு பெரிய சலுகையும் தருகிறது. பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு சி மேஜர் ஸ்கேலை வாசித்தால் வருவது டி ஃப்ளாட் (டி-க்கு அரைச் சுரம் கீழே) மேஜர். கிட்டார் மாணவர்கள் அஞ்சும் சுருதி நமக்கு இலவசம். கென்னி டோர்ஹமின் ‘புளூ போசா’ சி மைனரில் தொடங்கி நடுவில் டி ஃப்ளாட் மேஜருக்குத் தாவும். அந்த இடத்தில் பொத்தானை உள்ளே வைத்தபடி, டி மைனர் 7, ஜி 7, சி-யில் பழகிய கைவழக்கத்தையே வாசித்தால் போதும். இ ஃப்ளாட் மைனர் 7, ஏ ஃப்ளாட் 7, டி ஃப்ளாட் தானாக விழும். ஒரு எச்சரிக்கை: பொத்தானோடு இழுத்து எடுத்த சி-க்கு இங்கே இணை கிடையாது, பொத்தான் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. அந்த டி ஃப்ளாட்டை ஊதித்தான் எடுக்க வேண்டும். கஷ்டமான சுருதிகள் இ-யும் ஏ-யும். பொத்தானும் மூச்சும் ஏறக்குறைய ஒவ்வொரு சுரத்திலும் மாறும். பாடகர்கள் எந்தச் சுருதியையும் கேட்பார்கள், ஆகவே தப்பிக்க வழியில்லை. மெட்ரோனோமை 60இல் வைத்து, அடியை 2, 4ஆம் பீட்டுகளாக எண்ணி, நான்காம் இடைவெளியில் (சி, எஃப், பி ஃப்ளாட் என்று) நகர்ந்து 12 சுருதிகளையும் சுற்றி வாருங்கள். தினம் 20 நிமிடம் போதும், ஆனால் ஒரு நாளும் விடக்கூடாது.

பொத்தானை அலங்காரத்துக்காகத் தட்டிக்கொண்டே இருக்கும் பழக்கம் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும். டூட்ஸின் வாசிப்பில் சுரத்துக்குள் வழுக்கி நுழையும் அந்தத் தட்டலைக் கேட்டுவிட்டு எல்லோரும் அதை எடுத்துக்கொள்கிறார்கள். அவர் அதை எங்கே செய்யாமல் விடுகிறார் என்று கேளுங்கள், அங்கேதான் பாடம்.

அடுத்து வால்வு. ரீடு தகட்டில் ஒட்டியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் நாக்குகள்தான் வால்வுகள். ஒலிக்காத ரீடு வழியாகக் காற்று கசியாமல் அவை அடைக்கும். சூடான மூச்சு குளிர்ந்த உலோகத்தில் படும்போது நீர் கோத்து, நாக்கு தகட்டில் ஒட்டிக்கொள்ளும். விளைவு: சுரம் தாமதமாக வரும், அல்லது ‘பட்’ என்ற சத்தத்தோடு வரும். பாலாட்டின் (மெதுவான பாடலின்) முதல் நீண்ட சுரத்தில் அது நடந்தால் அரங்கம் முழுக்கக் கேட்கும். ஐரோப்பியக் குளிர்காலத்திலும், ஏசி உறைய வைக்கும் ஸ்டுடியோக்களிலும் இது நிச்சயம் வரும். மேடைக்கு முன் 15 நிமிடமாவது வாத்தியத்தை உடம்புச் சூட்டில் வைத்திருக்க வேண்டும். சட்டையின் உள்பை, அக்குள், துணியில் சுற்றிய வெந்நீர்ப் பை எதுவானாலும் சரி. ஒன்றை வாசிக்கும்போது இன்னொன்று பையில் சூடாக இருக்கட்டும், அதற்குத்தான் இரண்டு. ஒட்டிய நாக்கை விடுவிக்க, மூடியைக் கழற்றி மெல்லிய தாள் துண்டை அதனடியில் நுழைத்து மெதுவாக இழுத்தால் ஈரமும் அழுக்கும் தாளோடு வந்துவிடும்.

பொத்தான் இறுகினால் காரணம் அனேகமாக எச்சிலில் கலந்த சர்க்கரை. வாசிப்பதற்கு முன் காபி, குளிர்பானம் வேண்டாம். வாய் கொப்பளித்துவிட்டு எடுங்கள். வாய்ப்பகுதியின் திருகுகளைக் கழற்றி, ஸ்லைடை (பொத்தானோடு நகரும் தகட்டை) உருவி, வெதுவெதுப்பான நீரில் மென்மையான பல்துலக்கியால் தேய்த்துக் கழுவி, உலர்த்தி மாட்ட வேண்டும். திருகுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி மாற்றி முடுக்குங்கள். ஒரு பக்கம் அதிகம் முடுக்கினால் ஸ்லைடு சிக்கும், தளர்ந்தால் காற்று கசியும்.

ரீடு உடைவதற்கு முன் சுருதி இறங்கும். ஒரு சுரம் மட்டும் திடீரென இறங்கியிருந்தால் அதைச் சுரண்டி ஏற்றிச் சமாளிக்காதீர்கள், உலோகம் களைத்துவிட்டது என்று பொருள், மாற்றுங்கள். இயல்பான சிறு விலகலுக்கு மட்டும் சுரண்டல்: நுனியில் சுரண்டினால் ஏறும், தகட்டோடு ஆணியால் பொருந்திய முனையருகே சுரண்டினால் இறங்கும். பலமாக ஊதினால் சுருதி தாழும், அதனால் ஹார்மோனிக்காக்களை ஏ = 442 ஹெர்ட்ஸைச் சுற்றி வைப்பது வழக்கம். பியானோ 440இல் இருந்தாலும் வாசிக்கும்போது இரண்டும் சேர்ந்துவிடும். ரீடைக் கொல்வது பெரும்பாலும் பலம்தான், டிரம்ஸை மீறிக் கேட்கவேண்டும் என்ற ஆசையில் போடும் பலம்.

அந்த ஆசையை மைக்கிடம் விட்டுவிடுங்கள். புளூஸ்காரர்கள் பயன்படுத்தும் புல்லட் மைக்கும் கிட்டார் ஆம்பும் ஒலியைக் கடித்துக் கரகரப்பாக்கும்; ஜாஸ் மெலடியின் அரைச் சுர நெளிவுகள் அதில் கரைந்துபோகும். ஷூர் எஸ்எம்58 போன்ற சாதாரணப் பாட்டு மைக்கை வாத்தியத்தோடு சேர்த்துக் கைக்குள் பிடியுங்கள். கையை முழுக்க மூடினால் ஒலி மந்தமாகும், ஸ்பீக்கரில் ஊளையும் வரும். விரல்களுக்கிடையே கொஞ்சம் வழி விடுங்கள். மிக்ஸரில் இருப்பவரிடம் இரண்டே சொல்லுங்கள். ஒன்று, 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடலாம். நம் மிகத் தாழ்ந்த சுரமே ஏறத்தாழ 262, அங்கே இருப்பது மூச்சும் கை உரசலும் மட்டும். இரண்டு, 3 கிலோஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் குறையுங்கள், மேல் ஆக்டேவ் காதைக் குத்துவது அங்கேதான். ரிவெர்பை (எதிரொலியை) அவரே நிறையப் போடுவார், பாதியாக்கச் சொல்லுங்கள்.

வேலை எங்கிருந்து வருகிறது? முதலில் ஜாம் செஷன்கள், அதாவது வந்த கலைஞர்கள் மேடையேறிச் சேர்ந்து வாசிக்கும் கூடல்கள். நியூயார்க்கின் ஸ்மால்ஸ் போன்ற ஜாஸ் கிளப்களில் நள்ளிரவைத் தாண்டியும் நடக்கும். 50 பாடல்களாவது தாள் பார்க்காமல் வரவேண்டும். மேடையேறியதும் சுருதியைச் சொல்லி, வேகத்தை நீங்களே எண்ணிக் கொடுத்து, பாடலின் இரண்டு சுற்றோடு நிறுத்திக்கொண்டால் பியானோ கலைஞர் உங்களை நினைவில் வைப்பார். நான்கு சுற்று வாசித்தாலும் நினைவில் வைப்பார், வேறு விதமாக. சி சுருதி வாத்தியம் என்பதால் கச்சேரித் தாளை (ஒலிக்கும் சுருதியிலேயே எழுதியதை) அப்படியே படிக்கலாம், சாக்ஸபோன் கலைஞர்களைப் போல மாற்றி எழுத வேண்டாம். இது ஸ்டுடியோவில் பெரிய வசதி. பாடகரோடு வாசிக்கும்போது மட்டும் ஒரு கவனம் வேண்டும். நம் கீழ் இரண்டு ஆக்டேவும் அவர் குரலும் ஒரே இடத்தில் மோதும். அவர் மூச்செடுக்கும் இடைவெளியில் மட்டும் வாசியுங்கள். இந்த ஒன்றைக் கற்றவர்களைப் பாடகர்கள் விடுவதில்லை. நிலையான கூட்டாளி வேண்டுமென்றால் ஒரு கிட்டார் கலைஞரைத் தேடுங்கள். இருவர் கச்சேரிக்குச் சிறிய இடம் போதும், ஊதியத்தை இரண்டாகப் பிரித்தால் போதும், ஹார்மோனிக்காவின் ஒலியளவும் அங்கே எடுபடும்.

வருமானத்தின் கனமான பகுதி ஒலிப்பதிவு. படம், விளம்பரம், பிறர் ஆல்பங்களில் 8 பார், 16 பார். இன்று பெரும்பாலானவை வீட்டிலிருந்தே அனுப்பப்படுகின்றன. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்பு, ரிவெர்ப் எதுவும் இல்லாமல், பாடலின் முதல் பாரிலிருந்தே தொடங்கும்படி. மெலடியை எழுதியபடி இரண்டு டேக், கொஞ்சம் சுதந்திரமாக ஒன்று. அதற்குமேல் அனுப்பினால் தேர்ந்தெடுப்பவர் சலித்துப்போவார். கண்டென்சர் மைக்கை ஓரடி தள்ளியே வைக்க வேண்டும், கிட்டே வைத்தால் பொத்தானின் ‘கிளிக்’ பதிவாகும். ரிப்பன் மைக் இருந்தால் மேல் ஆக்டேவுக்கு அதுவே சிறந்தது.

ஊதியம் பேசும்போதே உரிமையையும் எழுத்தில் பேசுங்கள். அமெரிக்காவில் சவுண்ட்எக்ஸ்சேஞ்ச் என்ற அமைப்பு வசூலிக்கும் டிஜிட்டல் வானொலித் தொகையில் 45 சதவீதம் முதன்மைக் கலைஞருக்கு, 5 சதவீதம் மற்றக் கலைஞர்களுக்கான நிதிக்கு. நாம் பெரும்பாலும் இருப்பது அந்த 5இல். இந்தியாவில் இசையமைத்தவர்களுக்கு ஐபிஆர்எஸ், பாடியவர்கள், வாசித்தவர்களுக்கு இசாம்ரா (முன்பு இஸ்ரா) என்று தனித்தனி அமைப்புகள் உள்ளன. சொந்த மெட்டுகளைப் பதிவு செய்வது இதையெல்லாம் விட முக்கியம். டூட்ஸின் ‘புளூசெட்’ 1962இல் வந்தது, பிறகு எத்தனையோ பேர் அதைப் பாடியும் வாசித்தும் வருகிறார்கள்; வாசிப்புக் கூலி ஒரு முறைதான், மெட்டின் கூலி ஒவ்வொரு முறையும். ஆகவே கோப்பை அனுப்பும் மின்னஞ்சலிலேயே உங்கள் முழுப்பெயர், ‘குரோமாட்டிக் ஹார்மோனிக்கா’ என்ற வாத்தியப் பெயர், பதிவான தேதி மூன்றையும் எழுதி, ஆல்பத்தின் பெயர்ப்பட்டியலில் அது அப்படியே வரவேண்டும் என்று கேளுங்கள். பட்டியலில் பெயர் இல்லாத கலைஞருக்கு எந்த அமைப்பும் பணம் அனுப்புவது கடினம்.