பொலித்தீன் கூடாரத்துக்குள் கரிச்சட்டி வைக்காதீர்கள்

தை மாதத்து விடியற்காலையில்கூடக் கொழும்பில் வெப்பநிலை 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. வெள்ளவத்தையில் ஆண்டு முழுவதும் மின்விசிறியின் கீழ் உறங்குகிற நான், செடிகளுக்குச் சூடு கொடுப்பதைப் பற்றி எழுதுவதற்குக் காரணம் என் தங்கை. அவள் திருமணமாகி மலைநாட்டுக் குளிர் ஊரான நுவரெலியாவில் குடியிருக்கிறாள். வீட்டின் பின்வளவில் நான்கு மீட்டர் நீளமும் இரண்டரை மீட்டர் அகலமுமான ஒரு சிறு பொலித்தீன் கூடாரம் அமைத்து, அதற்குள் தக்காளியும் குடைமிளகாயும் வளர்க்கிறாள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தை மாத இரவில், பத்து மணிக்குப் பிறகு, அவளிடமிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது.

"அண்ணா, ரெண்டு சட்டியில சிரட்டைக் கரி மூட்டி உள்ளுக்கு வைச்சிட்டன். புகை ஒண்டும் இல்லை. கதவையும் இறுக்கி மூடிட்டன், நல்லாச் சூடேறுது. தலைதான் கொஞ்சம் இடிக்குது" என்றாள்.

பனிக் குளிரில் நின்றதால் தலை இடிக்கிறது என்று அவள் நினைத்திருந்தாள். உடனே வெளியே வரும்படியும், சட்டியை எடுப்பதற்காகக்கூட மீண்டும் உள்ளே போக வேண்டாம் என்றும் சொல்லி, மைத்துனரை அழைத்து இரு பக்கத் திரைகளையும் வெளியிலிருந்தே தூக்கிக் கட்டச் சொன்னேன். அன்றிரவே அவளை வைத்தியசாலைக்குக் கூட்டிச் சென்று காட்டினார்கள். அவள் நலமாக வீடு திரும்பினாள் என்ற செய்தி வரும்வரை நான் தொலைபேசியைக் கையிலிருந்து இறக்கவில்லை.

சிரட்டைக் கரியை நம் ஆட்கள் நம்புவதற்குக் காரணம், அது புகையாமல் எரிவதுதான். ஆனால், மூடிய இடத்தில் கரி கனலும்போது உண்டாகும் கார்பன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினுடன் அது ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கும் கூடுதலான பலத்தோடு ஒட்டிக்கொள்வதால், மூச்சு இயல்பாக வந்துபோகும்போதே உடலுக்கு ஒட்சிசன் கிடைக்காமற் போகிறது. தலையிடி, தலைச்சுற்று, குமட்டல் ஆகியவை முதல் அறிகுறிகள். அவற்றைத் தடிமன், களைப்பு என்று எண்ணி அங்கேயே அமர்ந்திருப்பவர் பிறகு எழுந்து நடக்கும் வலுவையும் இழந்துவிடலாம். செடிகளுக்கும் இதனால் நன்மை இல்லை. அரைகுறையாக எரியும் எரிபொருளிலிருந்து எதிலீன் வாயு வெளிவருகிறது. மிகச் சிறிய அளவே போதும், தக்காளியின் இலைகள் கீழ்நோக்கி வளைந்து பூக்கள் கொட்டிவிடும். தங்கையின் செடிகளில் அடுத்த நாட்களில் பூத்திருந்தவற்றில் பெரும்பகுதி உதிர்ந்தது. மண்ணெண்ணெய் அடுப்பும் இதற்கு மாற்றாகாது. ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் எரியும்போது ஏறத்தாழ ஒரு லீற்றர் நீர் ஆவியாக வெளிவந்து, குளிர்ந்த பொலித்தீனில் துளிகளாகப் படிந்து, இலைகளில் சாம்பல் நிறப் பங்கசுக்கு இடம் கொடுக்கும்.

அடுத்த வாரம் நான் கோட்டையிலிருந்து ரயிலேறி நானுஓயா வழியாக அங்கே போனேன். மின்வேலைகளைப் பார்த்துப் பல வருடம் கழித்தவன் என்பதால், சூடாக்கியைப் பற்றித்தான் முதலில் யோசிப்பேன் என்று வீட்டார் எதிர்பார்த்தார்கள். நான் முதலில் பார்த்தது கூடாரம் நின்ற இடத்தை. கடல் மட்டத்திலிருந்து 1,800 மீட்டருக்கு மேலே இருக்கும் அந்த ஊரில், மார்கழி முதல் மாசி வரை, முகிலும் காற்றும் இல்லாத இரவுகளில் நிலத்தின் வெப்பம் தடையின்றி வானத்துக்குக் கதிர்வீசிப் போய்விடுகிறது. ஆளுயரத்தில் வெப்பமானி மூன்று, நான்கு பாகை காட்டும்போதே புல்நுனியில் பூச்சியத்துக்குக் கீழே இறங்கித் துகள் உறைபனி பிடித்துவிடும். குளிர்ந்த காற்று பாரமானது. நீரைப் போலவே சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். தங்கையின் கூடாரம் சரிவின் அடியில், வேலியோரப் பள்ளத்தில் நின்றது. அதை இடம் மாற்ற முடியாததால், சரிவின் மேற்பக்கத்தில் கூடாரத்தை ஒட்டி நின்ற அடர்ந்த வேலியைத் தடுப்பாக விட்டுவிட்டு, கீழ்ப்பக்க வேலியில் குளிர்காற்று வெளியேறுவதற்கு ஓர் இடைவெளி வெட்டினோம்.

சாதாரணப் பொலித்தீனைப் பற்றி ஒன்றைச் சொல்ல வேண்டும். கண்ணாடி தடுப்பதுபோல அது வெப்பக் கதிர்வீச்சைத் தடுத்து வைப்பதில்லை. தெளிந்த வானமுள்ள இரவில், ஒற்றைத் தாள் போட்ட கூடாரத்துக்குள் இருக்கும் செடி, சில வேளை வெளிக்காற்றைவிடவும் குளிர்ந்துபோகும். ஆகவே முதற் செலவு இரண்டாவது தாளுக்குத்தான். புறக்கோட்டையில் வாங்கிக்கொண்டு போன, காற்றுக் குமிழிகள் நிறைந்த பபிள் ஷீட்டை உட்பக்கமாகக் கட்டி, கதவின் அடியிலும் ஓரங்களிலும் காற்று நுழையும் கீறல்களையெல்லாம் ஒட்டி அடைத்தோம்.

பிறகுதான் கணக்குப் போட்டேன். கூரையும் சுவர்களும் சேர்ந்து ஏறத்தாழ 37 சதுர மீட்டர். ஒற்றைப் பொலித்தீன் வழியாக, ஒவ்வொரு சதுர மீட்டருக்கும், உள்ளுக்கும் வெளிக்குமான ஒவ்வொரு பாகை வித்தியாசத்துக்கும், சுமார் ஏழு வாட் வெப்பம் வெளியேறும். வெளியே ஒரு பாகை, உள்ளே ஏழு பாகை என்று வைத்துக்கொண்டால் 1,550 வாட் தேவைப்படுகிறது. பபிள் ஷீட் கட்டியதும் இது மூன்றிலொரு பங்குக்கு மேல் குறைந்து ஆயிரம் வாட் அளவுக்கு வந்துவிடுகிறது. தக்காளி அந்த ஏழு பாகையில் வளராது. ஆனால் உயிரோடு விடியலைக் காணும். நள்ளிரவில் பகல்போலச் சூடாக்க முயல்வது மின்கட்டணத்தை மட்டுமே வளர்க்கும் என்பது என் கருத்து. இதோடு, 200 லீற்றர் பரல்கள் மூன்றுக்குக் கறுப்பு மை பூசி, நீர் நிரப்பி, தை மாத வெயில் தெற்கிலிருந்து சாய்வாக விழுவதால் வடக்குச் சுவரோரம் நிறுத்தினோம். ஒரு பரல் நீர் இரவில் ஐந்து பாகை குளிர்ந்தால், ஒரு யூனிட்டுக்குச் சற்று மேலான வெப்பத்தைக் கூடாரத்துக்குத் தந்துவிடும்.

சூடாக்கியாக 1,500 வாட் கொண்ட, நீர் தெறித்தாலும் உட்புகாத ஐ.பி. 44 தரமுள்ள ஒன்றைத் தேர்ந்தோம். 230 வோல்ட்டில் அது ஆறரை அம்பியர் இழுக்கும். வீட்டிலிருந்து வயர் இழுப்பதில் முதல் நாள் நானே தவறு செய்தேன். நேரம் போய்விட்டதால், ஐம்பது அடி எக்ஸ்டென்ஷன் வயரில் தேவையான அளவை மட்டும் அவிழ்த்து, மீதியைச் சுருளிலேயே விட்டு இயக்கினேன். ஒரு மணித்தியாலத்துக்குள் பிளாஸ்டிக் கருகுவது போன்ற மணம் வந்தது. சுருளின் உட்சுற்றுக்குள் விரலை நுழைத்தபோது வைத்திருக்க முடியவில்லை. வயர்கள் ஒன்றோடொன்று இளகி ஒட்டத் தொடங்கியிருந்தன. பி.வி.சி. உறை 70 பாகைவரைதான் தாங்கும்; சுருண்ட வயருக்குள் பிறக்கும் வெப்பத்துக்கு வெளியேற வழியில்லை. எத்தனையோ பேருக்கு நான் எச்சரித்துச் சொன்ன விடயம் இது.

மறுநாள் அந்த வயரை வெட்டி எறிந்துவிட்டு, தனி பிரேக்கரிலிருந்து குழாய்க்குள் நிரந்தர வயர் இழுத்தோம். முப்பது மில்லி அம்பியர் மின் கசிந்தாலே இணைப்பைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிட்சும் பொருத்தினோம். கூடாரத்தின் சட்டம் ஜி.ஐ. குழாயால், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயால் ஆனது. எங்காவது ஓரிடத்தில் வயரின் உறை உரசிக் கிழிந்தாலும் சட்டம் முழுவதிலும் மின் ஏறிவிடும். ஈர மண்ணில் செருப்பில்லாமல் நின்று அந்தக் குழாயைப் பிடிப்பவள் என் தங்கை. அதனால் சட்டத்தையும் எர்த் வயருடன் இணைத்தோம். ட்ரிப் சுவிட்சிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்கும்படி சொல்லியிருக்கிறேன்.

சூட்டின் அளவைப் பார்த்துத் தானாக மின்னை விட்டும் நிறுத்தியும் இயங்கும், கோழிக்குஞ்சுப் பெட்டிகளுக்கு விற்கிற மலிவான தெர்மோஸ்டாட்டைத்தான் பயன்படுத்துகிறோம். அதற்குள் மின்னால் இயங்கும் சுவிட்சான சிறு ரிலே வழியாக முழுச் சுமையையும் செலுத்தினால், நாளடைவில் தொடுமுனைகள் உருகி ஒட்டிக்கொண்டு சூடாக்கி நிற்காமல் ஓடும். ஆகவே அந்த ரிலே, பெரிய சுமையைத் தாங்கும் சுவிட்சான ஒரு கொன்டக்டரை மட்டும் இயக்க, சுமையைக் கொன்டக்டர் ஏற்கிறது. தெர்மோஸ்டாட்டின் வெப்ப உணரியைச் சுவரில் தொங்கவிடாமல், செடியின் உயரத்தில், சூடாக்கியின் காற்று நேராகப் படாத இடத்தில் கட்டினோம். பொலித்தீன் 110 பாகை அளவில் உருகுவது, எரியவும் செய்யும். சூடாக்கியைச் செங்கல் மேடையில், எந்தத் தாளிலிருந்தும் ஒரு மீட்டர் தள்ளி வைத்தோம்.

நான் திரும்புவதற்கு முந்தைய இரவு வானம் முழுக்க நட்சத்திரம். விடியலில் புல்வெளி உப்புத் தூவியதுபோல வெளுத்திருந்தது. வாசலில் கிடந்த கோவா இலையின் விளிம்பில் பனித்துகள்கள் ஊசிகளாக நின்றன. கூடாரத்துக்குள் இருந்த குறைந்தபட்ச வெப்பமானி ஆறரை காட்டியது. ஒன்பது மணிக்கு வெயில் ஏறியதும் தங்கை திரைகளைத் தூக்கிவிட்டாள். மூடியே வைத்திருந்தால் இரவில் படிந்த ஈரம் செடிகளிலேயே தங்கிவிடும்.

மின்சாரம் தடைப்படும் இரவுக்கான ஏற்பாடும் இருக்கிறது. செடி வரிசைகளுக்கு மேல் கம்பி வளைவுகள் நட்டு, அவற்றின்மேல் போர்த்துவதற்குப் பழைய சேலைகளையும் சாக்குகளையும் கதவோரப் பெட்டியில் மடித்து வைத்திருக்கிறாள். சுடுநீர் நிரப்பி மூடிய போத்தல்களை இடையிடையே வைத்துவிட்டு வீட்டுக்குள் போய்விடுவாள். கரிச்சட்டிகள் இரண்டும் இப்போது கூடாரத்துக்கு வெளியே மண் நிரப்பிக் கிடக்கின்றன. ஒன்றில் கொத்தமல்லி முளைத்திருப்பதாகப் போன கிழமை சொன்னாள்.